அடைத்த குடுவையில் ஐந்து நத்தைகள்

ஒன்பதாம் நாள் காலையில் மூன்றாவது நத்தையும் சுவரை விட்டது. உயிருள்ள நத்தை குடுவையின் பக்கச் சுவரில் ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்கும். உயிர் போகும்போது பிடி தளர்ந்து அடியில் விழுந்து கிடக்கும். நான் பல்கூடத் தேய்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்டது ஐந்து. முப்பது நாள் முடிவில் குறைந்தது நாலு உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பது நாளிலேயே மூன்று போய்விட்டது. திறந்து பார்க்கவும் வழியில்லை. திறந்தால் அதோடு சோதனை முடிந்தது.

அந்தக் குடுவை பூமியைச் சுற்றப் போக வேண்டியது. ராக்கெட் தன் வேலையை முடித்த பிறகும் அதன் கடைசிப் பகுதி சில மாதங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதில் கல்லூரிகளின் சிறு சோதனைகளை ஏற்றி அனுப்ப ஒரு குழு ஏற்பாடு செய்திருந்தது. உயிருள்ள சோதனைக்கு ஒரே ஓர் இடம். எங்கள் பெயர் முதலில் இருந்தது, வேறு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெயர் அதற்கடுத்து. நாங்கள் தவறினால் இடம் அவர்களுக்கு.

நாகர்கோவிலில் ஒரு மகளிர் கல்லூரியில் நான் பதினோரு வருடமாக விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் கௌரவம் பெயரோடு சரி. யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பு எனக்கு, யாராவது நிரந்தரமாக வந்தால் என் நாற்காலி அவர்களுக்கு. என் பெயரில் ஒரு வேலை, நான் யோசித்துச் செய்தது என்று ஒன்றே ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று கிடந்தேன். அதனால் அந்த இடத்தை நான் வெறிபிடித்தாற்போல விரும்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஜெபத்தில்கூட வீட்டுக்காரருக்கு முன்னால் நத்தைதான் வந்தது. அவர் மஸ்கட்டில் இருந்ததால் தப்பித்தேன்.

குடுவை ஒரு படி அரிசி கொள்ளும் அளவுதான். வெளியிலிருந்து உள்ளே போவது வெளிச்சம் மட்டும். பாசி மூச்சுக்காற்றைக் கொடுக்கும், நத்தை பாசியைத் தின்னும், நத்தையின் கழிவை நுண்ணுயிர்கள் உடைத்துப் பாசிக்கே உரமாக்கும். சொல்ல எளிது. ஆனால் மேலே போனால் மேல் என்றும் கீழ் என்றும் ஒன்றில்லை. குமிழி எழும்பாது. தண்ணீர்ப் பரப்புக்கு வந்து மூச்சு வாங்குகிற நத்தை அந்தப் பரப்பைத் தேடியே செத்துப்போகும். ஆகவே தண்ணீருக்குள்ளேயே செவுளால் மூச்சுவிடும் வயல் நத்தை, அதிலும் பட்டாணி அளவுக் குட்டிகள். மிதக்கிற பாசி வேண்டாம், நீருக்குள் கொடியாக வளரும் வேலம்பாசி. குடுவையின் ஒரு பாதி தண்ணீர், மறுபாதி காற்று, நடுவே காற்று மட்டும் கடந்து போகும் மெல்லிய சவ்வு.

சவ்வு, அதை ஒட்டும் பசை, விளக்கு மூன்றும் என் கூட்டாளியின் பொறுப்பு. எங்கள் கல்லூரியின் இயற்பியல் டீச்சர் அவள். வயதில் என்னைவிட ஒரு வருடம் இளையவள், வேலை நிரந்தரம். சுசீந்திரத்தில் வயலை ஒட்டிய வீடு, மீன் வாசனைகூடப் படாத சைவக் குடும்பம். நத்தையும் தண்ணீரும் அவர்கள் வயலிலிருந்துதான் வந்தன. ஒருவரை ஒருவர் டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். நான் அவசரக்காரி, அவள் நிதானக்காரி. ஓர் அளவை நாலு தடவை எடுப்பாள். மூன்றாவது தடவையே எனக்குப் பொறுக்காது.

குடுவையை எங்கே அடைப்பது என்று பேச்சு வந்தபோது, கல்லூரி ஆய்வகம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். எங்கள் அலமாரி முழுக்கப் பதப்படுத்திய தவளையும் பாம்பும், அறைக்குள் நுழைந்தாலே ஃபார்மலின் நெடி. அந்தக் காற்றைக் குடுவைக்குள் அடைத்தால் நத்தை என்னத்துக்கு ஆகும்? என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். குலசேகரத்தில், பேச்சிப்பாறைப் பக்கம் போகிற ரோட்டில், அண்ணன் வீட்டு மாடியில் நான் இருந்தேன். கீழே அண்ணனின் ரப்பர் பால் கடை, பின்னால் தோட்டம், அதற்குப் பின்னால் மலை. எங்கள் ஊர்க் காற்று சுத்தமான மலைக்காற்று என்று நான் அடித்த பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

முதல் நாள் அவள் மாடிப்படி ஏறி அறைக்குள் வந்தவுடன் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். வியர்வை துடைப்பதுபோலச் செய்தாள். ஆனால் தலைப்பு இறங்கவில்லை. கீழே அண்ணன் மனைவி, என் மைனி, மத்திக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து சபையும் பள்ளிக்கூடமுமாக இருக்கிற குடும்பம். எங்கள் வீட்டில் வந்து ஒருத்தி மூக்கைப் பொத்துவதன் அர்த்தம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்த ஊரில் அந்த ஒரு சைகைக்குப் பின்னால் எத்தனையோ தலைமுறைப் பேச்சு இருக்கிறது. நான் சிரித்த முகத்தோடு பால் விடாத கட்டன்சாயா கொடுத்தேன். அவள் குடித்தாள். மனசுக்குள் நான் அவளை அன்றைக்கே ஒரு மூலையில் நிறுத்திவிட்டேன்.

வயல் தண்ணீரை அவள் அங்கேயே, வரப்பில் வைத்துச் சோதித்திருந்தாள், சுத்தமாக இருந்தது. அதை அகலமான தாம்பாளங்களில் ஊற்றி என் அறை ஜன்னலோரம் மூன்று நாள் தெளிய வைத்தோம். பிறகு நிரப்பி, சவ்வை ஒட்டி, அடைத்தோம். வேலம்பாசி நாலே நாளில் கண்ணைப் பறிக்கும் பச்சையாகச் செழித்தது. நான் படம் எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பாசி இன்னும் செழித்திருந்தது, நத்தைகள் விழுந்துகொண்டிருந்தன.

இரண்டாவது குடுவையை அடைத்தோம். அதில் பதினோராம் நாள் நாலு போய் ஒன்று மிஞ்சியது. கையிலிருந்த நாட்கள் கரைந்துகொண்டே இருந்தன. குழுவிலிருந்து கடிதம் வந்தது: சாவுக்குக் காரணம் என்ன என்று ஒரு வாரத்துக்குள் எழுதித் தர வேண்டும், தராவிட்டால் இடம் அடுத்தவர்களுக்கு.

சவ்வை ஒட்டிய பசைக்குக் காய்கிற வரையில் வினாகிரி மாதிரி ஒரு புளித்த வாசம் உண்டு. எனக்கு அது மூக்கில் ஏறியிருந்தது. பசைதான் என்று முடிவு கட்டினேன். அவள் மறுத்தாள். அந்தப் பசை இரண்டு நாள் காய்ந்த பிறகுதான் குடுவையைக் கழுவி நிரப்பினோம், பசை மட்டும் ஒட்டிய கண்ணாடித் துண்டைத் தண்ணீரில் போட்டு நத்தை விட்டுப் பார்ப்போம், பத்து நாள் பொறுங்கள் என்றாள். பத்து நாள் எங்கே இருக்கிறது? ஆசிரியர் அறையில் மற்றவர்கள் முன்னால் வைத்தே கேட்டேன், உங்கள் பொருளில் குற்றம் என்றால் ஒத்துக்கொள்ள என்ன கஷ்டம் என்று. அவள் முகம் சிவந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அன்று மாலையே நான் குழுவுக்கு எழுதினேன்: சாவுக்குக் காரணம் பசை, அதைத் தேர்ந்தவர் இயற்பியல் உறுப்பினர், இனி அது பயன்படுத்தப்படாது. சோதித்துக் கண்டோம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். சோதிக்கவில்லை. அந்த வரியை எழுதும்போது கை நடுங்கியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

குழு கடைசியாக ஒரு தேதி கொடுத்தது. அவள் வருவதை நிறுத்திவிட்டாள். வேறு பசை வாங்கி மூன்றாவது குடுவையை நானே அடைத்தேன். அடைத்த மறுநாள் விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. எட்டு நாள். தினமும் அண்ணனுக்குப் போன் செய்து எண்ணச் சொல்வேன். அவன், "மக்கா, எல்லாம் அங்கனதான் கெடக்கு" என்பான். கிடக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று கேட்டால் அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒன்பதாம் நாள் மதியம் தக்கலையில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன். யாரோ மூக்கில் ஊசி குத்தியதுபோல இருந்தது. கண்ணில் நீர் வந்தது. நின்றுவிட்டேன். நெடி கீழேயிருந்து வந்தது. ரப்பர் பால் உறைந்துபோகாமல் இருக்க அதில் அமோனியா சேர்ப்பார்கள். அண்ணன் கடையில் வரிசையாகப் பேரல்கள், என் ஜன்னலுக்கு நேர் கீழே. நான் பிறந்ததே அந்த வீட்டில். அந்த நெடி எங்களுக்கு நெடி இல்லை, காற்று அப்படித்தான் இருக்கும். ஊரை விட்டு எட்டு நாள் தள்ளி இருந்த மூக்குக்குத்தான் அது தெரிந்தது.

அறைக்குள் மூன்றாவது குடுவையில் நத்தைகள் ஐந்தும் அடியில் கிடந்தன. பாசி பச்சைப்பசேல் என்றிருந்தது. தாம்பாளத்தில் மீதமிருந்த தண்ணீரில் மீன்தொட்டிக் கடையில் விற்கிற சோதனைச் சொட்டுகளை விட்டேன். அமோனியா இல்லாவிட்டால் மஞ்சளாக நிற்கும். அது கரும்பச்சையாகப் போனது. மூன்று நாள் ஜன்னலோரம் வாய் திறந்து கிடந்த தண்ணீர் அத்தனையையும் குடித்திருக்கிறது. பாசிக்கு அது உரம், அதனால் செழிப்பு. நத்தைக்கு விஷம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நத்தைக்காக அழுதேன் என்று சொல்ல மாட்டேன். சேலைத் தலைப்பு நினைவுக்கு வந்துவிட்டது.

தேதிக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் சுசீந்திரத்துக்குப் போனேன். அவள் வாசலில் நின்றாள், உள்ளே வாருங்கள் என்று உடனே சொல்லவில்லை. நான் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அமோனியாவையும், சோதிக்காமல் எழுதியதையும். கடைசியில், முதல் நாளே உங்களுக்கு நெடி தெரிந்ததா என்று கேட்டேன்.

"கண்ணு எரிஞ்சுது டீச்சர்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்குள்ள வந்து நின்னுட்டு, நான் நாறுதுன்னு சொன்னா நீங்க என்ன நெனச்சிருப்பிய? கீழ மீன் கொழம்பு கொதிக்குது. எங்க வீட்டு ஆளு வாயில இருந்து அந்தச் சொல்லு வந்தா அது எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அதான் வாய மூடிட்டேன்."

நெடிக்காக எடுத்த தலைப்பால் அவள் வாயையும் மூடிக்கொண்டாள், அதை நான் வேறாகப் படித்தேன். அவள் சொல்லியிருந்தாலும் அப்படியேதான் படித்திருப்பேன். அதையும் அவளிடம் ஒத்துக்கொண்டேன்.  அவள், தண்ணீர் எடுக்கக் குடம் வேண்டுமா வாளி வேண்டுமா என்று கேட்டாள்.

அன்று மதியமே அவள் வீட்டு முன்னறையில் அடைத்தோம். இந்தத் தடவை தெளிய வைக்கவில்லை, வயலிலிருந்து எடுத்து வடிகட்டி, அடைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சோதித்து நிரப்பினோம். நான் கொண்டுபோயிருந்த குடுவையில் புதுப்பசை சவ்வோரத்தில் கசிந்தது. பழைய பசை ஒட்டிக் காய்ந்த குடுவை ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். வேறு வழி இல்லை. அதையே எடுத்தோம். குழுவுக்கு எழுதி அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் என் பொய் வெளியே வரும். முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவள் ஒரு நோட்டைத் திறந்து நாள் ஒன்று என்று எழுதினாள்.

அந்த முப்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரி முடிந்ததும் அவளோடு பஸ்ஸேறிப் போய் எண்ணுவேன். அவள் காலையிலும் மாலையிலும் எண்ணி எழுதுவாள். ஒன்பதாம் நாள் ஐந்தும் ஒட்டியிருந்தன. பதினோராம் நாளும் ஐந்து. பத்தொன்பதாம் நாள் ஒன்று விழுந்தது. நான் அவள் கையைப் பிடித்த பிடியில் அவளுடைய வளையல் நெளிந்துபோனது. அதன் பிறகு நாலு, நாலு, நாலு.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் குழுவின் ஆய்வு அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், செருப்பைக் கழற்றி ஓரமாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். குடுவையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியில் செத்தது ஒன்று. சுவரில் மூன்று. நாலாவதைக் காணவில்லை. பாசிக்குள் எங்கோ இருக்கிறது. குடுவையைத் தொடக் கூடாது, தட்டக் கூடாது. ஒரு மணிக்கு நான் கிளம்ப வேண்டும், அதுவரை பார்க்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். அவள் கணவர் காப்பி கொண்டுவந்து வைத்தார்.  பதினொன்று, பன்னிரண்டு. எனக்கு அந்தக் குடுவையை எடுத்து ஒரு உலுக்கு உலுக்க வேண்டும்போல இருந்தது. என் கையை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பாசிக்கொடி ஒன்று லேசாக அசைந்தது. அதன் பின்னாலிருந்து கொம்பை நீட்டிக்கொண்டு அது வந்தது, ஒன்றும் நடக்காததுபோல.

அதிகாரி நாலு என்று எழுதினார். பிறகு என் பழைய அறிக்கையைப் பையிலிருந்து எடுத்தார். குடுவையின் ஓரத்தை உற்றுப் பார்த்து, இது விலக்கிவிட்டதாக நீங்கள் எழுதிய அதே பசைதானே என்று கேட்டார்.

புதுப்பசைக்கும் அதே நிறம். வேறு பசை என்று சொல்லிவிடலாம், அவரால் கண்டுபிடிக்க முடியாது. என் தலைக்குள் அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டாள், காப்பாற்றவும் மாட்டாள் என்று தெரிந்தது.

"பசையில குற்றம் இல்ல சார். சோதிச்சதா எழுதினேன், சோதிக்கல. குற்றம் எங்க வீட்டுக் காத்துல இருந்துது."

அவர் பேனாவை வைத்துவிட்டார். சோதிக்காததைச் சோதித்தேன் என்று எழுதியவர் இந்த முப்பது நாள் கணக்கை மட்டும் எப்படி உண்மையாக எழுதியிருப்பார் என்று கேட்டார்.  அவள் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். எழுதியது முழுக்க நான், என் கையெழுத்து, என்றாள். என் அறிக்கை குற்றம் சாட்டியவள் எழுதிய கணக்கு, எனக்காகப் பொய் எழுத அவளுக்கு என்ன தேவை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எனக்கு அந்தப் பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் சொன்னார்: குடுவை தகுதி பெறுகிறது. பொய் அறிக்கை கொடுத்தவர் பெயரில் அது போக முடியாது. இயற்பியல் டீச்சர் தனியாகக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அடுத்த கல்லூரி.  அவள், இதன் உயிரியல் முழுக்க டீச்சர் யோசித்தது, நான் தனியாகப் போட மாட்டேன் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிடிவாதம் பிடித்தால் நிற்கிற ஆள் அவள், எனக்குத் தெரியும்.

"போடுங்க டீச்சர்," என்றேன். "உங்க பேரச் சோதிக்காமத்தான் அந்த அறிக்கையில எழுதினேன். இத நான் சோதிச்சுட்டுச் சொல்லுகேன், போடுங்க."

அவள் அழுதுகொண்டே போட்டாள். நான் அழவில்லை, அப்போது.

ராக்கெட் போன மூன்றாம் நாள் முதல் படம் வந்தது. நான் இரண்டாம் ஆண்டு வகுப்பில் மெல்லுடலிகள் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் வராந்தாவில் ஓடிவந்து, வகுப்பு வாசலில் நின்று, பேச்சு வராமல் நாலு விரலை மட்டும் காட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். குடுவை மேலே போன செய்தி ஏற்கெனவே கல்லூரி முழுக்கப் பரவியிருந்தது. முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, நத்தைக்கு மேலே போனால் மூச்சு எப்படி என்று யோசித்துச் செய்தது யார் மிஸ் என்று கேட்டாள். வாசலில் நின்றவள் என்னைக் காட்டக் கையைத் தூக்கினாள். நான் முந்திக்கொண்டேன். பிசிக்ஸ் மிஸ் என்றேன்.  பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, செவுளின் படத்தை வரைந்து முடித்தேன்.